கமரா பிள்ளையின் கையில்: உட்படுத்தல் கல்விக்குப் பங்கேற்புப் புகைப்படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களிலும் பிள்ளைகளிடம் கமராவைக் கொடுத்து வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உட்படுத்தல் கல்வி என்றால் எந்தப் பிள்ளையையும் பிரித்து வைக்காமல் எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிப்பது. போனில் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். பாடசாலைகளின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதற்கான காரணம் கீழே வரும்.

பங்கேற்புப் புகைப்படம் என்றால் பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கப் பழக்குவதா?

பழக்குவதும் உண்டு. அதற்கு அரை மணித்தியாலம் போதும். மிச்சமெல்லாம் வேறு வேலை. தங்கள் பாடசாலையை, வீட்டை, வரும் வழியைப் பிள்ளைகளே படம் பிடிப்பார்கள். பிடித்ததில் எது முக்கியம் என்று தாங்களே தெரிவு செய்வார்கள். அதை நடுவில் வைத்து வட்டமாக இருந்து கதைப்பார்கள். கதைத்ததை, எதையாவது மாற்றக்கூடிய ஒரு பெரியவர் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். இந்த நான்காவதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு புகைப்படப் போட்டிதான்.

ஒன்று சொல்கிறேன். கடற்கரையோரப் பாடசாலை ஒன்றில் தரம் 5 பையன். கொப்பியில் பாதி எழுதியிருப்பான், பாதி வெறுமை. ‘கவனம் இல்லை’ என்று மூன்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருந்தார்கள். தன் வாங்கிலிருந்து அவன் எடுத்த படத்தில் கரும்பலகையின் வலப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பளபளத்தது. இடப்பக்க மூலையில் திகதி மட்டும் தெரிந்தது. யன்னல் கடலைப் பார்த்தபடி இருந்தது. காலை வெயில் அதன் வழியே நேராகப் பலகையில் விழுந்தது. மறுநாள் எட்டரைக்கு அவனுடைய இடத்தில் நான் இருந்து பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்து எழுதிச் சமாளித்து வந்திருக்கிறார்கள். அவனுக்குப் பார்வையும் குறைவு, கொப்பி காட்டக் கூட்டாளியும் இல்லை. ஆசிரியர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் பலகை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அன்று பின்னேரமே வகுப்பாசிரியர் பலகையைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார். செலவு நாலு கொங்கிறீற் ஆணி.

இது எங்கிருந்து வந்த முறை?

எனக்கு மிகவும் பிடித்தது பெரு நாட்டுக் கதை. 1973இல் அங்கே நடந்த எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில், பிரேசிலியக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரேயின் வழியில் வேலை செய்தவர்கள், மக்களிடம் கேள்வியைக் கேட்டுப் பதிலைப் படமாக எடுத்துவரச் சொன்னார்கள். சுரண்டல் என்றால் எது என்ற கேள்விக்கு லீமா நகரத்துச் சிறுவன் ஒருவன் கொண்டுவந்தது சுவரில் அடித்த ஓர் ஆணியின் படம். பெரியவர்களுக்கு விளங்கவில்லை, மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. சப்பாத்துத் துடைக்கும் அந்தப் பிள்ளைகள் பாரமான பெட்டியைத் தினமும் வீட்டுக்குச் சுமக்க முடியாமல், நகரத்துக் கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்குப் பிடித்து இரவில் அதில் மாட்டிவிட்டுப் போவார்களாம். நாடகக்காரர் ஒகுஸ்தோ போவால் இதை எழுதிவைத்திருக்கிறார். ஆசிரியர் பயிற்சிகளில் நான் முதலில் சொல்வது இந்த ஆணியைத்தான்.

அமெரிக்காவில் வெண்டி ஈவால்ட் 1970களில் கென்டக்கி மலைக்கிராமத்துப் பிள்ளைகளிடம் கமரா கொடுத்தார். பிறகு அதையே எழுத்துப் பழக்கும் வழியாகப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோனார். முறையான வடிவம் கொடுத்தவர்கள் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் 62 கிராமத்துப் பெண்கள் தங்கள் நாளாந்த வாழ்க்கையைப் படம் பிடித்தார்கள். வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பது போன்ற விஷயங்கள் அந்தப் படங்கள் வழியாக அதிகாரிகள் முன் போயின. ‘போட்டோவாய்ஸ்’ என்ற பெயரில் இருவரும் 1997இல் எழுதிய கட்டுரையைத்தான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பின்னர் உட்படுத்தல் கல்விக்காரர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். சாம்பியா, தான்சானியா பாடசாலைகளில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் திரும்பிப் பார்க்கப் படங்களைப் பயன்படுத்தினார்கள்.

அப்படியென்றால் இது விசேட கல்வி அலகுப் பிள்ளைகளுக்கானது, அப்படித்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். விசேட அலகு என்பது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்று பாடசாலைக்குள் தனியாக நடக்கும் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிவைத்துக் கமரா கொடுத்தால், மற்றப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். பிரிக்கிற கோடு இன்னும் தடிக்கும்.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாட்டு அரசுகள் கூடி, சாதாரணப் பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தன. இலங்கையில் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி. 2016இல் அது 16 ஆனது. அதே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது வரைக்கும் தாளில் தெளிவாகத்தான் இருக்கிறது. சேர்ந்த பிறகு வாங்கில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் டோனி பூத், மெல் ஐன்ஸ்கோ இருவரும் அதற்கு நல்ல வழி காட்டினார்கள்: பிள்ளையில் என்ன குறை என்று தேடாதே, கற்பதற்கும் பங்குபற்றுவதற்கும் எது தடையாக நிற்கிறது என்று தேடு.

அப்படித் தேடினால் எங்கள் மாவட்டத்தில் யார் யார் வெளியே நிற்கிறார்கள்? உடற்குறைபாடு உள்ள பிள்ளைகள் முதலில் கண்ணுக்குத் தெரிவார்கள். தகப்பனோடு கரைவலைக்குப் போய்விட்டு நித்திரைக் கண்ணோடு வருகிறவன் தெரியமாட்டான். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு இருந்து தம்பிமாரைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு இரண்டாம் பாடத்துக்கு வருகிறவள் தெரியமாட்டாள். மூதூர்ப் பக்கச் சம்பூரிலிருந்து 2006இல் போரால் இடம்பெயர்ந்து முகாமிலும் உறவுக்காரர் வீட்டிலும் வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். பாடசாலைக்குள் வந்து ஒன்று கேட்க அவர்களில் பலர் இன்னமும் தயங்குகிறார்கள். ஆகவே முழு வகுப்புக்கும் கமரா கொடுங்கள். கலந்து இருத்துங்கள்.

எங்கள் பாடசாலையில் கமரா இல்லையே?

எங்களிடமும் இருக்கவில்லை. ஆசிரியர்களின் பழைய போன் நாலு இருந்தால் 24 பிள்ளைகள் கொண்ட வகுப்புக்குத் தாராளம். சிம் கழற்றிய போன், இணையம் வேண்டாம். இரண்டிரண்டு பேராக, ஒரு சோடிக்குப் பத்துப் படம், அதற்கு மேல் இல்லை. எண்ணிக்கை குறைந்தால்தான் பிள்ளை நின்று பார்க்கும். ஆளுக்கு இரண்டு படத்தைக் கடையில் கழுவி எடுத்தால் போதும். திரையில் பார்ப்பதும் கடதாசியில் கையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. அந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

போனை உடைத்துவிட மாட்டார்களா?

இத்தனை வருசத்தில் உடைந்தது ஒன்று. அதுவும் என் கையிலிருந்து விழுந்தது.

எத்தனை நாள் பிடிக்கும்?

வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மணித்தியாலம், ஆறு வாரம். ஒரு தவணைக்குள் முடிந்துவிடும். முதல் வாரம் கமராவே வேண்டாம். பழைய கொப்பி மட்டையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டிக் கொடுங்கள். ஒரு கண்ணை மூடி அதனால் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் வளவைச் சுற்றட்டும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்பது அந்த மட்டையிலேயே பிடிபட்டுவிடும். இரண்டாம் வாரம் போன் கொடுங்கள். நகரத்துப் பாடசாலை என்றால் முதல் நாள் பாதிப் படம் மானாகத்தான் இருக்கும். வீதியில் புள்ளிமான் நடமாடும் ஊரில் வேறெதை எடுப்பார்கள்? விடுங்கள், ஆசை தீரட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து வேலை தொடங்கும்.

வைகாசி, ஆனி மாதங்களில் என்றால் பத்து மணிக்கு முன் வெளிவேலையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயிலில் போன் திரையும் தெரியாது, பிள்ளைகளும் வாடிவிடுவார்கள்.

என்ன தலைப்புக் கொடுப்பது?

‘உட்படுத்தல்’, ‘சமவாய்ப்பு’, ‘மாற்றுத்திறன்’ எதுவும் வேண்டாம். தலைப்பைக் கேட்டதும் பிள்ளைக்குப் பெரியவர்கள் விரும்பும் படம் எது என்று தெரிந்துவிடும். இரண்டு கை கோத்தபடி ஒரு படம் வரும். இடத்தைக் கேளுங்கள், நேரத்தைக் கேளுங்கள். ‘இடைவேளையில் நான் நிற்கும் இடம்.’ ‘நான் போகாத இடம்.’ ‘என் கைக்கு எட்டாதது.’ ‘இது இல்லாவிட்டால் நான் பாடசாலைக்கு வரமாட்டேன்.’ கடைசித் தலைப்புக்குத் தரம் 3 பிள்ளை ஒன்று எடுத்துவந்தது சமையல் அக்காவின் கையும் அகப்பையும். வேறொரு பையன் எடுத்தது வெறும் மணல். ‘நான் போகாத இடம்’ என்றான். விளையாட்டுத் திடலின் நடு.

படத்தை வைத்து எப்படிக் கதைப்பது? பிள்ளைகள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இதற்கு ஐந்து கேள்விகள் பழக்கத்தில் இருக்கின்றன. இங்கே என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? எங்கள் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் இப்படி இருக்கிறது? நாங்கள் என்ன செய்யலாம்? வரிசை முக்கியம். ஆசிரியர்கள் எப்போதும் ஐந்தாவதற்குத் தாவிவிடுவார்கள். முதற் கேள்வியிலேயே பத்து நிமிடம் நில்லுங்கள்.

தரம் 7 பிள்ளை ஒருத்தி, இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பவள், எடுத்த படம் இது: மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், நீல மூடி. பின்னால் சுவர் மணிக்கூடு மங்கலாக, ஒன்று இருபத்தைந்து. என்ன தெரிகிறது? “போத்தல்.” “வடிவான போத்தல்.” “மணிக்கூடு.” ஒரு பையன், “போத்தல் நிறையத் தண்ணி இருக்கு.” உண்மையில் என்ன நடக்கிறது? ஒருவரும் பேசவில்லை. பிறகு பக்கத்திலிருந்த சிநேகிதி, “வீட்டுக்குப் போற நேரம். அவள் குடிக்கேல்ல.” ஏன்? படம் எடுத்தவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: “குடிச்சா போகோணும்.”

அந்தப் பாடசாலை மலசலகூடத்துக்கு இரண்டு படி. பிடிக்க ஒன்றும் இல்லை. கதவு உட்பக்கமாகத் திறக்கும். ஊன்றுகோல்களோடு உள்ளே போனால் கதவைச் சாத்த இடமில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டில் குடித்தால் இனிப் பின்னேரம் இரண்டுக்குத்தான். இந்த வெக்கையில், மூன்று வருசமாக. வகுப்பாசிரியருக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது, போத்தலை வழியில் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம்.

நான் இதைச் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததற்காக. இன்னொரு பிள்ளை, நன்றாக ஓடியாடித் திரிபவள், “நானும் குடிக்கிறதில்ல, கொண்டி இல்ல” என்றாள். பிறகு மூன்றாவது கை. வட்டத்தில் இருந்த பதினொரு பெண்பிள்ளைகளில் ஆறு பேர் தண்ணீர் குடிக்காமல் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு நடப்பவளுடைய பிரச்சினை என்று தொடங்கியது எல்லாருடைய பிரச்சினையாக முடிந்தது. விசேட அலகில் தனியாக நடத்தியிருந்தால் மற்ற ஐந்து கைகள் எழும்பியிரா. தகப்பன்மார் இரண்டு விடுமுறை நாளில் வந்து கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார்கள், கொண்டி போட்டார்கள், படிக்கு மேல் சீமெந்துச் சாய்வு போட்டு ஒரு குழாயைக் கைபிடியாக நட்டார்கள்.

பார்வையற்ற பிள்ளை எப்படிப் படம் எடுக்கும்?

சத்தத்தை நோக்கி, வெயில் முகத்தில் படும் பக்கத்தை வைத்து, சிநேகிதன் தோளில் கை வைத்து. போனை நாடிக்கு நேரே நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் முகம் திரும்பும் பக்கம் கமராவும் திரும்பும். எடுத்த படத்தைச் சோடிப்பிள்ளை வாயால் விவரிக்க வேண்டும். அப்போது கேட்பவரைவிடச் சொல்பவருக்குத்தான் பெரிய பாடம் நடக்கும். ‘ஒரு மரம்’ என்று சொல்லி முடித்த பையனிடம், “என்ன மரம்? எங்கட பக்கத்திலயா தூரத்திலயா? ஆர் நிக்கிறாங்க?” என்று பார்வையற்ற பிள்ளை ஒருத்தி கேட்டுக் கேட்டு வாங்கியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். தெரிவு செய்த படத்தின் கோடுகள் மேல் பசை பூசி நூல் ஒட்டினால் விரலாலும் பார்க்கலாம்.

கை நடுங்கும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை?

கை நடுங்கினால் போனை ஓர் அரிசிப் பை மேல் சாய்த்து வையுங்கள். பெரும்பாலான போன்களில் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினாலே படம் விழும்; திரையைக் குறிபார்த்துத் தொடத் தேவையில்லை. சில்லு நாற்காலியில் இருக்கும் பிள்ளை எடுக்கும் படத்தை ‘கோணம் சரியில்லை’ என்று திருத்தாதீர்கள். அந்த உயரத்திலிருந்து சிற்றுண்டிச்சாலை மேசையின் அடிப்பக்கம்தான் தெரியும் என்பதே செய்தி.

செவிப்புலன் குறைந்த பிள்ளைகளோடு இந்த வேலை மற்ற எந்தப் பாடத்தையும்விட இலகு. கதை படத்தில் இருக்கிறது, விரல் நீட்டினால் போதும். நீங்கள் மட்டும் யன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். முகம் இருட்டினால் உதடு தெரியாது.

ஓட்டிசம் உள்ள பையன் ஒருவன் பத்துப் படமும் ஒரே மின்விசிறியை எடுத்தான். அழிக்கச் சொன்ன உதவி ஆசிரியரைத் தடுத்துவிட்டு, பத்தையும் வரிசையாக அடுக்கினோம். முதலாவதில் விசிறி நிற்கிறது, பத்தாவதில் சுழல்கிறது. கரகரவென்று சத்தம் போடும் விசிறி அது. சத்தம் தொடங்கும்போது அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதை எல்லோரும் ‘குழப்படி’ என்று சொல்லிவந்திருந்தார்கள்.

பெற்றோர் சம்மதிப்பார்களா? பெண்பிள்ளைகளின் முகம் படத்தில் வரக்கூடாது என்கிறார்கள்.

சொல்வது நியாயம், மதிக்க வேண்டும். கிண்ணியாவில் ஒரு உம்மா என்னிடம், “படிக்கட்டும், எடுக்கட்டும், ஆனா எங்கட புள்ளட முகம் சுவரில தொங்கக் கூடாது” என்றார். அன்றிலிருந்து எல்லாப் பாடசாலையிலும் முகமில்லாத படம்தான் எங்கள் வழக்கம். கை, செருப்பு, நிழல், வாங்கில் விட்டுப்போன பை. படங்கள் அதனால் கெடவில்லை, கூர்மையாகத்தான் வந்தன.

சம்மதம் மூன்று பேரிடம் வாங்குங்கள்: பெற்றோர், பிள்ளை, படத்தில் வருகிறவர். பெற்றோரிடம் கடிதம் மட்டும் அனுப்பிக் கையெழுத்து வாங்காதீர்கள். கூப்பிட்டு, மற்றவர்களின் படங்களைக் காட்டி, இது எங்கே தொங்கும், யார் பார்ப்பார்கள் என்று வாயால் சொல்லுங்கள். தாய் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்துக்குக் கனம் கொடுக்கச் சொல்கிறது. அதைப் பிள்ளைக்கே கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல தருணம் இல்லை.

இந்த ஊரில் படம் என்பது லேசான பொருளும் அல்ல. காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்தபடி தாய்மார் வீதியோரம் இருந்த ஊர். 2004 மார்கழி 26இல் கடல் வீட்டோடு அல்பத்தையும் கொண்டுபோன ஊர். ‘வீட்டில் எனக்குப் பிடித்தது’ என்று தலைப்புக் கொடுத்தால் மாலை போட்ட ஒரு படத்தைப் பிள்ளை படம் பிடித்துவரும். வந்தால் அவசரப்பட்டு விளக்கம் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் திருப்பிக் கையில் கொடுங்கள்.

எதை எடுக்கக்கூடாது?

கடற்படை, இராணுவ, துறைமுகப் பகுதிகள், சோதனைச் சாவடி: முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலசலகூடத்துக்குள் ஆள் இருக்கும்போது. அழுகிறவர். கேட்காமல் எவரையும். போனில் இடம் பதியும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். முகநூலில், வாட்ஸ்அப் குழுவில் ஒன்றும் போடுவதில்லை, பாராட்டுவதற்காகக்கூட. நான் இங்கே பெயர்களை விட்டதும் இதனால்தான். சின்ன ஊர், போத்தல் யாருடையது என்று நாலு பேர் கேட்டால் ஐந்தாமவர் சொல்லிவிடுவார்.

அடி, துன்புறுத்தல் போல ஏதாவது படத்தில் தெரிந்தால்?

அந்தப் படத்தை வட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளையோடு தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தில் இருந்து கேளுங்கள். ‘ஒருவருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. யாருக்குச் சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். வேலையைத் தொடங்க முன்பே அவரை ஒரு தரம் நேரில் போய்ச் சந்தித்து வையுங்கள். ஆசிரியர் மேசையில் பிரம்பு இருக்கும் படமும் வரும். அது வந்தால் அதிபரோடு கதைக்கும் வேலை உங்களுடையது, பிள்ளையுடையது அல்ல.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது. நேரத்துக்கு எங்கே போவது?

தமிழ்ப் பாடத்தில் எழுதச் சொல்கிறோம்தானே. ‘எனது பாடசாலை’ என்று கட்டுரை கேட்டால் எல்லாக் கொப்பியிலும் ஒரே கட்டுரை இருக்கும். தன் படத்துக்குக் கீழே ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டான் என்று விட்ட பையன் எழுதுவான். ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் பாடம், மேல் வகுப்பில் சித்திரமும் குடியுரிமைக் கல்வியும் இருக்கின்றன. அதிபரிடம் ‘திட்டம்’ என்று போகாதீர்கள். தமிழ்க் கொப்பியோடு போங்கள்.

வேறு வேறு மொழிக்காரர் சேரும் இடத்தில்?

படத்தை முதலில் வையுங்கள், பேச்சு பிறகு வரும். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்த ஓர் அமர்வில் கிழிந்த செருப்பின் படம் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. படக்குறிப்பை மட்டும் அவரவர் மொழியிலேயே எழுத விடுங்கள்.

கண்காட்சி வைக்க வேண்டுமா?

வைக்கலாம், ஆனால் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே. மூன்றடி உயரத்தில் நூல் கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். நாடா வெட்ட ஆள் தேட வேண்டாம். அந்தக் கதவை, அந்தக் குழாயை, அந்த அட்டவணையை மாற்ற அதிகாரம் உள்ளவர் யார் என்று பார்த்து அவரை அழையுங்கள்: பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர், வலயக் கல்விப் பணிமனையில் கட்டட வேலைக்குப் பொறுப்பானவர், விசேட கல்விக்குரிய ஆசிரிய ஆலோசகர். மாலை, பேச்சு, தேநீர் எதுவும் தேவையில்லை. பிள்ளை படத்தின் பக்கத்தில் நிற்கட்டும், வந்தவர் கேட்கட்டும்.

எல்லாம் செய்தும் ஒன்றும் மாறாவிட்டால்?

எனக்கு நடந்திருக்கிறது. முதல் வருசம் நாங்கள் நகரத்தில் மண்டபம் எடுத்துப் பெரிதாகக் கண்காட்சி வைத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த தவணை வேறு வேலையாக அந்தப் பாடசாலைக்குப் போனபோது ஒரு பையன் ஓடிவந்து, “டீச்சர், எங்கட படமெல்லாம் எங்க போச்சு? அந்தக் குழாய் இன்னும் அப்பிடியேதான் இருக்கு” என்றான். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்த குழாய்; அவன் எடுத்த படம், மண்டபத்தின் நடுச் சுவரில் தொங்கியது. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். கமராவைக் கொடுக்க முன் அதிபரோடு இருந்து, பிள்ளைகள் காட்டப்போகும் விஷயங்களில் ஒன்றையாவது பாடசாலையின் சொந்தப் பணத்தில், அதே தவணைக்குள் செய்வதாகச் சொல் வாங்குவோம். சம்மதிக்காவிட்டால் அந்தப் பாடசாலையில் தொடங்குவதில்லை. மிச்ச விஷயங்களுக்கு என்ன ஆனது என்று ஆறாம் வாரத்துக்கு ஒரு மாதம் கழித்துப் போய்ச் சொல்வோம். ‘முடியாது’ என்பதும் பதில்தான்: யார் சொன்னார், ஏன் சொன்னார், அடுத்து யாரிடம் கேட்கலாம். பதிலே வராமல் இருப்பதுதான் பிள்ளைக்கு ‘உன் படம் பார்க்கப்படவில்லை’ என்று சொல்வது.

படங்கள் யாருக்குச் சொந்தம்? எவ்வளவு காலம் வைத்திருப்பது?

எடுத்த பிள்ளைக்கு. கழுவிய படம் பிள்ளையின் கைக்கே போகும். பாடசாலைக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் பிள்ளையிடம் கேட்டுத்தான். ஆண்டு முடிவில் போன்களை வட்டத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் படங்களைத் தானே அழிக்கும். சிலர் வேகமாக அழுத்தி முடித்துவிடுவார்கள். சிலர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழிப்பார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதைப் பெயரோடு ஒரு மெமரி கார்டில் போட்டு உறையில் ஒட்டி, வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம்.